ஒரே வீட்டில் ஐந்து விதமான ராத்திரி சாப்பாடு: நானும் எடை குறைக்க வேண்டும், வழி சொல்லுங்கள்

உறையூர்_அம்மு:

எல்லோருக்கும் வணக்கம். ரொம்ப நாளாகப் படிப்பதோடு சரி, இன்றைக்குத்தான் முதல் தடவையாக எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 39 வயது, உயரம் 156 செ.மீ., எடை 74 கிலோ. போன மாதம் அலுவலகத்தில் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள், எனக்கு எச்பிஏ1சி, அதாவது மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு, 6.1 என்று வந்தது. டாக்டரிடம் காட்டினேன். 5.7-லிருந்து 6.4 வரை இருந்தால் சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, இப்போது மாத்திரை வேண்டாம், ஐந்தாறு கிலோ குறைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வாருங்கள் என்றார். என் அம்மாவுக்கு 45 வயதில் சர்க்கரை வந்தது. கடைசி பத்து வருடம் தினமும் இரண்டு வேளை ஊசி போட்டுவிட்டது நான்தான். அதனால் அந்த எண்ணைப் பார்த்ததிலிருந்து மனசே சரியில்லை.

காலையும் மதியமும் எப்படியோ கட்டுக்குள் வைத்துவிடுகிறேன். சிக்கல் எல்லாம் ராத்திரிதான்.

வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு 70 வயது, பல் செட் சரியாக உட்காரவில்லை, அதனால் ராத்திரிக்கு இட்லி, இல்லையென்றால் குழைவாக ரவை உப்புமா. கணவர் மதியம் கேண்டீனில் சாப்பிடுகிறவர், ராத்திரியாவது வாய்க்கு ருசியாக வேண்டும் என்பார், சப்பாத்தி குருமா அல்லது சாதம், குழம்பு, பொரியல், அப்பளம். பெண்ணுக்கு 12 வயது, காய் என்றாலே முகம் சுளிக்கிறாள், நூடுல்ஸ் கொடுத்தால் சத்தம் இல்லாமல் சாப்பிடுகிறாள். பையனுக்கு 7 வயது. தயிர் சாதமும் உருளைக்கிழங்கு வறுவலும், இல்லையென்றால் மொறுமொறு தோசையும் சர்க்கரையும், இந்த இரண்டுதான் அவன் உலகம். வேறு எதைக் கொடுத்தாலும் விரலால் கிளறி வெங்காயம், தக்காளித் தோல், கடுகு, கறிவேப்பிலை என்று ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான். அடுக்கி முடிப்பதற்குள் சாப்பாடு ஆறிவிடும், "ஆறிப்போச்சும்மா, வேண்டாம்" என்று எழுந்துவிடுவான்.

நான் வீட்டுக்கு வர 6.45 ஆகிறது. ஏழு மணிக்கு அடுப்படிக்குள் போனால் ஒன்பதேகால் வரை தோசைக்கல்லும் குக்கருமாக நிற்கிறேன். எனக்கு மட்டும் ஓட்ஸ் கஞ்சி. அதைக் குடித்துவிட்டு, பத்தரை மணிக்கு அடுப்படியை ஒழிக்கும்போது பையன் மிச்சம் வைத்த உருளைக்கிழங்கு, சட்டி அடியில் இருக்கும் குருமா, ஆறின சப்பாத்தி ஒன்று என்று நின்றபடியே வாயில் போட்டுக்கொள்கிறேன். கொட்ட மனசு வருவதில்லை. போன வியாழக்கிழமை வாயில் போடாமல் எல்லாவற்றையும் ஒரு தட்டில் எடுத்து வைத்துப் பார்த்தேன். ஒரு ஆள் சாப்பாடு இருந்தது. அந்தத் தட்டைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது.

எல்லோருக்கும் ஒரே சமையலாக, பிள்ளைகளும் சாப்பிடுகிற மாதிரி, நானும் எடை குறைகிற மாதிரி யாராவது வீட்டில் செய்து பார்த்திருந்தால் சொல்லுங்கள். முட்டை, மீன், கோழி சாப்பிடுவோம், மாமியார் மட்டும் செவ்வாய் வெள்ளி சாப்பிட மாட்டார்.

---

சேலத்து_மல்லிகை:

அம்மு, அதையெல்லாம் ஒரு தட்டில் எடுத்து வைத்துப் பார்த்தீர்களே, அதைச் செய்ய நிறைய பேருக்குத் தைரியம் வராது. பாதி வேலையை நீங்களே முடித்துவிட்டீர்கள்.

நான் 81 கிலோவிலிருந்து 69-க்கு வர 14 மாதம் ஆனது. நடுவில் தீபாவளிக்கு இரண்டு கிலோ ஏறி மறுபடி இறங்கியது. வேகமாகக் குறைக்கிற வழி எனக்குத் தெரியாது, ஆனால் குறைத்ததைக் காப்பாற்றி இரண்டு வருடம் ஆகிறது.

முதல் காரியமாக அந்த ஓட்ஸ் கஞ்சியை விடுங்கள். ஓட்ஸ் மேல் எனக்கு ஒன்றும் கோபம் இல்லை. இரண்டு மணி நேரம் குருமா வாசனையில் நின்று ஊருக்கெல்லாம் சமைத்துவிட்டு பிடிக்காத கஞ்சியைக் குடித்தால் பத்தரைக்குக் கை தானாகச் சட்டிக்குள் போகத்தான் செய்யும். உட்கார்ந்து, தட்டு போட்டு, வயிறு நிறையச் சாப்பிடுங்கள். எதைக் கொண்டு வயிற்றை நிறைக்கிறோம் என்பதை மட்டும் மாற்றினால் போதும்.

எங்கள் வீட்டு ராத்திரி சமையல் மூன்றே சாமான்: பருப்போ முட்டையோ மீனோ ஒன்று, ஒரு காய், அப்புறம் இட்லி, தோசை, சாதம், சப்பாத்தி இதில் ஏதாவது ஒன்று. தட்டுக்குத் தட்டு அளவு மாறும், சமையல் மாறாது. நேற்று கெட்டியாக முருங்கைக்காய் சாம்பார், பீன்ஸ் பொரியல், இட்லி. என் தட்டில் இரண்டு இட்லி, ஒரு கிண்ணம் பொரியல், ஒன்றரைக் கிண்ணம் சாம்பார். கணவருக்கு ஐந்து இட்லி. மாமியாருக்கு அதே இட்லியைச் சாம்பாரில் ஊறப்போட்டுக் கரண்டியால் மசித்து வைத்தேன். பையனுக்கு இட்லியை நாலாக வெட்டி அரை ஸ்பூன் நெய்யில் தோசைக்கல்லில் நாலு பக்கமும் சிவக்கப் புரட்டி மேலே இட்லிப் பொடி. மொத்த வேலையும் 40 நிமிடம்.

உங்கள் பையன் கேட்பது உருளைக்கிழங்கையும் தோசையையும் என்று நினைக்கிறீர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, அவனுக்கு வேண்டியது மொறுமொறுப்பு. தயிர் சாதத்தில் கையில் தட்டுப்படுகிற மாதிரி எதுவும் இல்லை, அதனால் அதுவும் பிடிக்கிறது. கொழகொழ என்று இருக்கிற காய்க்குள் மெத்தென்று வெங்காயம் வந்தால் சில பிள்ளைகளுக்கு நிஜமாகவே குமட்டும். பாசிப்பயறை ஊறவைத்து ஒரு கை அரிசியும் இஞ்சியும் சேர்த்து அரைத்து மெல்லிசாக வார்த்துப் பாருங்கள், ஆந்திராக்காரர்கள் பெசரட்டு என்பார்களே, அதுதான். பச்சை நிறத்தைப் பார்த்து மிரண்டால் முதல் வாரம் பாதிக்குப் பாதி வழக்கமான வெள்ளைத் தோசைமாவு கலந்துகொள்ளுங்கள். வெண்டைக்காயை நீளவாக்கில் மெல்லிசாக அரிந்து ஒரு ஸ்பூன் கடலைமாவும் ஒரு ஸ்பூன் எண்ணெயும் பிசறி இரும்புச் சட்டியில் மூடாமல் வறுத்தால் கிட்டத்தட்ட சிப்ஸ் மாதிரி வரும். மூடினால் கெட்டது, தண்ணீர் விட்டுக்கொள்ளும்.

அடைக்கு நான் போடும் கணக்கு ஒரு பங்கு இட்லி அரிசிக்கு இரண்டு பங்கு பருப்பு. கடலை, துவரை, பாசி, கொஞ்சம் கறுப்பு உளுந்து. காலையில் ஊறப்போட்டு ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுப் போனால் சாயந்திரம் வந்து அரைத்தவுடனே வார்க்கலாம், புளிக்க வேண்டியதில்லை. அதில் சுரைக்காயோ முட்டைகோஸோ துருவிப் போட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது, எங்கள் வீட்டில் ஒரு வருடமாகத் தெரியாது. எனக்கு இரண்டு அடை போட்டால் காலை வரை பசி இல்லை.

அடுத்தது எண்ணெய். ஒரு மேஜைக்கரண்டி எண்ணெய் 120 கலோரி, கிட்டத்தட்ட இரண்டு இட்லிக்குச் சமம். புது பாக்கெட் பிரித்து டப்பாவில் ஊற்றும்போது மார்க்கர் பேனாவால் தேதி எழுதி வையுங்கள். நாங்கள் நாலு பேர், மாதம் ஐந்தரை லிட்டர் போய்க்கொண்டிருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 27 கிராம் கொழுப்பு எண்ணெய் என்று ஒரு மாதிரித் தட்டு போட்டிருக்கிறார்கள். அப்படிப் பார்த்தால் நாலு பேருக்கு மாதம் மூன்றரை லிட்டர். இப்போது மூன்றேகாலில் நிற்கிறது. ருசி குறைந்தது என்று ஒருத்தரும் சொல்லவில்லை, ஏனென்றால் நான் குறைத்ததையே சொல்லவில்லை. குருமாவுக்கு அரை மூடி தேங்காய் அரைத்துக்கொண்டிருந்தேன், இப்போது இரண்டு ஸ்பூன் தேங்காயும் ஒரு ஸ்பூன் பொட்டுக்கடலையும், சோம்பு கொஞ்சம் கூடுதல்.

மிச்சம் விஷயத்துக்கு வருகிறேன். பையன் தட்டில் முதலில் பாதிதான் போடுங்கள், கேட்டால் மறுபடி போடலாம். சட்டியில் இருப்பதை எல்லோரும் சாப்பிட உட்காரும் முன்பே டப்பாவில் எடுத்து வைத்துவிடுங்கள், அது நாளை மதியத்துக்கு உங்களுக்கே ஆகும். பத்தரைக்கு அடுப்படியில் இருக்க வேண்டியது கழுவ வேண்டிய பாத்திரம் மட்டும்தான்.

---

ரவி_77:

சகோதரி, இவ்வளவு யோசிக்கத் தேவையே இல்லை. ராத்திரி சாப்பாட்டை விட்டுவிடுங்கள். ஆறு மணிக்கு இரண்டு பழம், அதோடு சரி. வீட்டில் அரிசியை நிறுத்திவிட்டு எல்லோருக்கும் தினை, சாமை, வரகு போடுங்கள். பிள்ளைகள் இரண்டு நாள் அடம் பிடிப்பார்கள், பசித்தால் தானாகச் சாப்பிடுவார்கள். நான் ஐந்து மாதத்தில் 9 கிலோ குறைத்தேன்.

---

சேலத்து_மல்லிகை:

ரவி சார், உங்களுக்குப் பலன் கிடைத்ததில் சந்தோஷம். ஆனால் ஏழு மணிக்குமேல் அடுப்படியில் நின்று நாலு பேருக்குச் சமைக்கிறவரிடம் நீ மட்டும் சாப்பிடாதே என்று சொன்னால், அவர் இப்போது செய்துகொண்டிருப்பது அதுதான். அதனால்தான் பத்தரை மணிக்குச் சட்டியை வழிக்கிறார்.

சிறுதானியம் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதே ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017 அட்டவணையில் பச்சரிசி, கோதுமை மாவு, கேழ்வரகு, சாமை, வரகு எல்லாமே 100 கிராமுக்கு ஏறக்குறைய 320-லிருந்து 360 கலோரிக்குள்தான். நார்ச்சத்தில்தான் பெரிய வித்தியாசம், தீட்டிய அரிசியில் 3 கிராமுக்கும் குறைவு, கேழ்வரகிலும் முழுக் கோதுமையிலும் 11 கிராம். அந்த நாருக்காகச் சாப்பிடலாம், நன்றாகப் பசி தாங்கும். சாமை சாதம்தானே என்று இரண்டு தட்டு சாப்பிட்டால் எடை குறையாது. சப்பாத்தியும் அப்படித்தான். ராத்திரி சப்பாத்திக்கு மாறிவிட்டேன், இன்னும் எடை குறையவில்லை என்று என்னிடம் சொல்லாத தோழி இல்லை. எண்ணெய் தடவிச் சுட்ட நாலு சப்பாத்தியும் குருமாவும் ஒரு தட்டுச் சாதம் சாம்பாரைவிடக் கூடுதலாகத்தான் வரும்.

அம்மு, ஒரு நல்ல செய்தியும் சொல்கிறேன். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழு உங்களைப் போல சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலையில் இருந்தவர்களை மூன்று வருடம் கவனித்து 2006-ல் முடிவை வெளியிட்டார்கள். சாப்பாட்டையும் நடையையும் மாற்றிக்கொண்டவர்களுக்குச் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது, அவர்கள் எடை பெரிதாகக் குறையாமலேயே. அதனால் முதல் மாதம் முள் நகரவில்லை என்றாலும் விட்டுவிடாதீர்கள்.

---

நாஞ்சில்_தகப்பன்:

எங்கள் வீட்டில் ராத்திரி சமையல் என்னுடையது, மனைவிக்கு மருத்துவமனையில் ஷிப்ட் வேலை. நாகர்கோவில் பக்கம். எனக்கு 46 வயது, 92 கிலோ இருந்தேன், இப்போது 84. மகளுக்கு 9, மகனுக்கு 6.

நான் சொல்ல வந்தது மீன் பற்றி. எங்கள் ஊரில் சாளை மலிவு, வடக்கே மத்தி என்பார்கள். மகன் ஒரு தடவை முள் குத்தி அழுததோடு மீனே வேண்டாம் என்று இரண்டு வருடம் தொடவில்லை. அப்புறம் சாளையை மஞ்சளும் உப்பும் கொஞ்சம் குடம்புளியும் போட்டு வேகவைத்து, ஆறினதும் நடு முள்ளை உருவி, சின்ன முள்ளையும் விரலால் தடவிப் பார்த்து எடுத்துவிட்டு உதிர்த்தேன். சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்), பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து ஒரு ஸ்பூன் எண்ணெயில் புட்டு மாதிரி கிளறி, சூடான சாதத்தில் பிசைந்து கொடுத்தேன். முள் எடுக்கும்போது அவனையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன், இதில் முள் இருக்கிறதா பார் என்று அவன் விரலாலேயே தடவவிட்டேன். நான் சாமர்த்தியமாக ஏதோ செய்து ஊட்டியிருந்தால் அவன் தின்றிருக்க மாட்டான். முள் இல்லை என்பதை அவனே கண்டுபிடித்ததால்தான் தின்றான். இப்போது அதற்கு அவன்தான் அதிகாரி, தங்கை முறைப் பிள்ளைகள் வந்தால்கூட அவன் தடவிப் பார்த்துத்தான் பரிமாற வேண்டும்.

எடைக்கு நான் விட்டது இரண்டு. மரச்சீனிக் கிழங்கும் (மரவள்ளி) மீன்குழம்பும் எங்கள் ஊர் உயிர், அது வாரம் நாலு ராத்திரி இருந்தது, இப்போது ஞாயிறு மட்டும். அடுத்தது குழம்புக்கு ஒரு முழுத் தேங்காய் அரைப்பது. இப்போது மல்லியும் உள்ளியும் கறுக்காமல் வறுத்து, தேங்காய் ஒரு கை மட்டும் சேர்த்து அரைக்கிறேன், மண்சட்டியில் வைத்தால் மறுநாளுக்கு இன்னும் நன்றாக இருக்கிறது. சோறு தட்டில் கால் பங்கு, மீனும் தோரனும் (எங்கள் ஊர்த் தேங்காய்ப் பொரியல்) மீதி.

பிள்ளைகள் விஷயத்தில் அமெரிக்காவில் எலின் சாட்டர் என்ற ஊட்டச்சத்து நிபுணர் சொல்லிக்கொடுத்த ஒரு முறையை மனைவி எனக்குச் சொன்னாள். என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து என்பது பெரியவர்கள் முடிவு. அதில் எதைச் சாப்பிடுவது, எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளை முடிவு. தட்டில் அவனுக்குப் பிடித்தது ஒன்றாவது எப்போதும் இருக்க வேண்டும், அதனால் பட்டினி என்ற பேச்சே இல்லை. "இன்னும் ரெண்டு வாய்" என்று கெஞ்சுவதை நிறுத்த எனக்கு ஒரு மாதம் ஆனது. நிறுத்தியபிறகு சாப்பாட்டு நேரத்தில் அழுகை இல்லை. அது மட்டும் நிச்சயமாகச் சொல்வேன்.

---

உறையூர்_அம்மு:

எல்லோருக்கும் எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை. மல்லிகை அக்கா சொன்ன மாதிரி எண்ணெய் டப்பாவில் இன்றைக்குத் தேதி எழுதிவிட்டேன். ஓட்ஸ் பாக்கெட்டை மாடி வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டேன்.

இரண்டு சந்தேகம். காயைத் துருவித் தெரியாமல் சேர்ப்பது சரியா? என் பெண் ஒரு தடவை தோசைக்குள் கேரட்டைக் கண்டுபிடித்துவிட்டு இரண்டு வாரம் தோசையே வேண்டாம் என்றாள். இன்னொன்று, நான் எடை குறைப்பதைப் பார்த்து அவளும் கண்ணாடி முன் நின்று வயிற்றைப் பிடித்துப் பார்க்கிறாள். நேற்று "எனக்கும் ரெண்டு இட்லி போதும்" என்றாள். அது எனக்குப் பயமாக இருக்கிறது.

---

சத்துணவு_டீச்சர்:

அம்மு கண்ணு, அந்த இரண்டாவது சந்தேகத்தைப் படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் 28 வருடம் சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். உங்கள் திருச்சிப் பக்கம் பாப்பாக்குறிச்சியில்தான் 1982 ஜூலை 1-ஆம் தேதி எம்.ஜி.ஆர். அந்தத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார், அதனால் உன் ஊர்ப் பெயரைப் பார்த்ததும் ஒரு பாசம்.

12 வயதுப் பெண் வளர்கிற பெண். வயசுக்கு வருகிற நேரம், ரத்தம் வேண்டும், எலும்பு கெட்டியாக வேண்டும். அவளுக்கு இரண்டு இட்லி போதாது. இனிமேல் வீட்டில் எடை, கலோரி, டயட், குண்டு என்ற எந்த வார்த்தையும் அவள் காதில் விழக் கூடாது. எடை பார்க்கும் மெஷினைக் கட்டிலுக்கு அடியில் தள்ளு. "அம்மாவுக்கு டாக்டர் ரத்தத்தில் சர்க்கரை ஏறாமல் பார்த்துக்கச் சொன்னார், அதனால நான் காய் கூடச் சாப்பிடறேன்" என்று உள்ளதைச் சொல். நீ உன் தட்டை நிறைத்துக்கொண்டு அவளோடு ஒன்றாக உட்கார். அம்மா சாப்பிடாமல் நிற்பதைப் பார்த்துத்தான் பெண் பிள்ளைகள் சாப்பிடாமல் இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். என் பள்ளியில் நான் பார்த்தது இது, பெரிய வகுப்புப் பெண்களில் தட்டு வாங்க வராதவர்களின் வீட்டுக்குப் போனால் அம்மாவும் அரைவயிறுதான் சாப்பிடுவாள்.

காயை ஒளிப்பது பற்றி மல்லிகைக்கும் எனக்கும் கருத்து வேறு. பொடியாக அரி, துருவு, மசி, எல்லாம் சரி. ஆனால் கேட்டால் மறைக்காதே. ஒரு தடவை கண்டுபிடித்துவிட்டால் அப்புறம் நீ வைக்கிற எல்லாத் தட்டையும் சந்தேகத்தோடுதான் கிளறுவார்கள், உன் பெண் தோசையை விட்டது அதனால்தான். "இன்னைக்கு அடையில சுரைக்காய் இருக்கு, முறுகலா வரும்" என்று சொல்லிவிட்டு வை.

சாதமும் சாம்பாரும் மட்டும் போட்ட காலத்திலும் நான் இருந்தேன், கலவை சாதம் வந்த பிறகும் இருந்தேன். சாம்பார் நாளில் தட்டு கழுவும் தொட்டி ஓரத்தில் கத்தரிக்காயும் பூசணியும் குவியலாகக் கிடக்கும். கொண்டைக்கடலை புலாவ் போட்ட நாளில் அந்த இடம் காலி. அதே பிள்ளைகள்தான். பெரிய துண்டாக மிதந்தால் தூக்கிப் போடுவார்கள், சாதத்தோடு சாதமாகச் சின்னதாக ஒட்டிக்கொண்டு மசாலா வாசனையும் இருந்தால் சாப்பிட்டுவிடுவார்கள். முட்டையும் அப்படி. வெறுமனே அவித்துக் கொடுத்தால் மஞ்சள் கருவைத் தூக்கி எறிகிற பிள்ளைகள் உண்டு. அதையே இரண்டாக நறுக்கி மிளகும் உப்பும் போட்டுக் கல்லில் புரட்டினால் இன்னொன்று கேட்பார்கள்.

உன் பெண்ணுக்கு நூடுல்ஸ்தானே பிடிக்கும்? இடியாப்பத்தைப் பிழிந்து ஆறவைத்து உதிர்த்துக்கொள். முட்டை ஒன்று, குச்சி குச்சியாக முட்டைகோஸ், கேரட், மிளகுத்தூள், கொஞ்சம் எண்ணெய், பெரிய தீயில் கிளறு. மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இரண்டு மூன்று தண்ணீரில் பிழிந்துவிட்டுப் பொடியாகக் கொத்திப் போட்டால் கறி மாதிரி இருக்கும், மீல்மேக்கர் சோயாவில் செய்தது, காய்ந்த எடையில் பாதிக்குப் பாதி புரதம். கேரட் வேண்டாம் என்றால் அவளே ஓரமாக வைக்கட்டும், ஒன்றும் சொல்லாதே. புதுக் காயை ஒரு பிள்ளை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பதினைந்து தடவை கண்ணில் பட வேண்டும். அம்மாக்கள் மூன்றாவது தடவையிலேயே "இவனுக்கு இது பிடிக்காது" என்று முத்திரை குத்திவிடுகிறார்கள். வாரம் ஒரு தடவை வைத்தால்கூட மூன்று மாதம் ஆகும், அதுவரை அது தட்டு ஓரத்தில் கிடக்கட்டும். ஒரு துண்டுதான் வை, நிறைய வைத்தால் வீணாகிறதே என்று உனக்குக் கோபம் வரும்.

பையன் கறிவேப்பிலையைப் பொறுக்குகிறான் என்றாய். நிழலில் காயவைத்து, வெறும் சட்டியில் உளுந்து, மிளகு, பெருங்காயத்தோடு வறுத்துப் பொடி பண்ணு. சூடான சாதத்தில் ஒரு ஸ்பூன் நெய்யோடு பிசைந்து கொடு. பச்சையாக இலை தெரிந்தால்தான் அவனுக்குச் சிக்கல், பொடியில் தெரிகிற பச்சை அவனை ஒன்றும் செய்யாது. இது கறிவேப்பிலைப் பொடி என்று சொல்லிவிட்டுக் கொடு.

அந்தச் சர்க்கரையை ஒரே நாளில் நிறுத்தாதே. தோசைக்குள் தூவாமல் ஓரத்தில் ஒரு சின்ன ஸ்பூன் வை, இரண்டு வாரம் கழித்து அரை ஸ்பூன்.

---

உறையூர்_அம்மு:

மூன்று வாரம் ஆகிவிட்டது, வந்து சொல்லாமல் இருக்க மனசு கேட்கவில்லை.

நடந்தது நடந்தபடி சொல்கிறேன். முதல் வாரம் கஷ்டமாக இருந்தது. கணவர் இரண்டாவது நாளே "என்ன, குருமா தண்ணியா இருக்கு" என்றார். நான் மல்லிகை அக்கா சொன்ன மாதிரி சொல்லாமல் செய்திருந்தேன், ஆனால் அன்றைக்கு ரத்தப் பரிசோதனைத் தாளை எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் அதுவரை அதைப் படித்ததே இல்லை. மறுநாளிலிருந்து ஆபீஸ் விட்டு வரும்போது காய் வாங்கி வந்து அவரே அரிகிறார். பெரிது பெரிதாக அரிகிறார், நான் உட்கார்ந்து மறுபடி பொடியாக்குகிறேன், பரவாயில்லை.

பையன் பெசரட்டைப் பாதி வெள்ளை மாவு கலந்தபோது சாப்பிட்டான், முழுப் பச்சையாக வார்த்ததும் வேண்டாம் என்றான், மறுபடி பாதிக்கு வந்திருக்கிறோம். மத்தி இங்கே நல்லதாகக் கிடைக்கவில்லை, அதனால் காந்தி மார்க்கெட்டில் சங்கரா வாங்கி அண்ணன் சொன்ன மாதிரி உதிர்த்தேன். அவனைத் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒரு முள்ளைக் கண்டுபிடித்துவிட்டான்! நான் விட்டுவிட்டது. போச்சு, இனி தொட மாட்டான் என்று நினைத்தேன், அவன் அதை எடுத்துக்கொண்டு போய்ப் பாட்டியிடம் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்து சாப்பிட்டான். வெண்டைக்காய் வறுவல் மூன்று பேருக்கும் பிடித்துவிட்டது, மாமியாருக்கு மட்டும் கடிக்க முடியவில்லை, அவருக்கு அதையே எடுத்து மோரில் போட்டுக் கொடுக்கிறேன்.

டீச்சர் அம்மா, மெஷின் கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. பெண்ணிடம் பாட்டியின், அதாவது என் அம்மாவின், ஊசி பற்றிச் சொன்னேன், அவளுக்கு நினைவிருக்கிறது. இடியாப்பத்தை இப்போது அவளே கிளறுகிறாள். கேரட்டை இன்னும் ஓரமாகத்தான் வைக்கிறாள், நாலு தடவை ஆயிற்று, எண்ணிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு 74 இருந்தது 72.6. ஒன்பது மணிக்கு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்துவிடுகிறோம், ஒன்பதரைக்கு அடுப்படி விளக்கை அணைத்துவிடுகிறேன். இரண்டு நாள் மட்டும் அணைத்த பிறகு போய் நின்றேன், ஒரு நாள் சாப்பிட்டேன், ஒரு நாள் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

அடை மாவு மூன்றாம் நாள் புளித்துவிடுகிறது, பையன் முகத்தைச் சுளிக்கிறான். புளித்ததை என்ன செய்வது என்று யாருக்காவது தெரியுமா?

---

சேலத்து_மல்லிகை:

குழிப்பணியாரம் சுடு அம்மு. வெங்காயம் போடாதே, உன் பையன் பொறுக்குவான், சீரகமும் மல்லித்தழையும் மட்டும். குழிக்கு ரெண்டு சொட்டு எண்ணெய் போதும், மூடி வேகவிட்டுக் கடைசியில் மூடியை எடுத்துவிட்டுச் சிவக்க விடு. புளிப்பு ரொம்ப ஏறியிருந்தால் இரண்டு ஸ்பூன் ரவை கலந்து பத்து நிமிடம் வை.